மலிவுச் சைக்கிள் யாருக்கு மலிவு?

சம்பளம் போட்ட மறுவாரத்தில் நம்மைத் தேடி வரும் தோழர்கள் பல காரியங்களைக் கொண்டு வருகிறார்கள். சேமநிதிக் கணக்கு, சொக்சோ பாரம், பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எத்தனையோ. அவற்றுக்கிடையே தலையைச் சொறிந்துகொண்டு ஒருவர் கேட்பார்: "கிராணி ஐயா, ஒரு சைக்கிள் எடுக்கலாம்னு இருக்கேன். முந்நூறு வெள்ளியிலேயும் இருக்கு, தொள்ளாயிரம் வெள்ளியிலேயும் இருக்கு. ரெண்டும் இரும்புதானே? எதை எடுக்கட்டும்?"

இந்தக் காலத்தில் சைக்கிளா என்று நகைப்பாரும் உளர். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு நம் தோட்டங்களில் மிதிவண்டியின் மவுசு குறைந்தது உண்மையே. ஆனால் லைசென்ஸ் இல்லாத பாட்டாளியும், பள்ளி செல்லும் பிள்ளையும், கடைசி நிரை வரை நடந்தே போகும் நம் தாய்மார்களும், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம்மோடு பால் வெட்டும் தோழர்களும் இன்னும் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சாலை வரியும் காப்புறுதியும் எண்ணெய்க் காசும் கேட்காத வாகனம் இது ஒன்றே. ஆகவே கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோட்டப் பாதையில் நாள்தோறும் சுமையோடு ஓடப்போகிற சைக்கிள் என்றால், கூடுதல் விலை கொடுத்து நல்ல இரும்புச் சைக்கிளை வாங்குவது இலாபமே. ஆனால் அந்த இலாபம், கையில் மொத்தமாகப் பணம் வைத்திருப்பவனுக்கே கிடைக்கிறது. இதுதான் வழக்கு. இந்த வழக்கைத் தீர்க்காமல் "நல்லதை வாங்கு, நல்லதை வாங்கு" என்று தொழிலாளிக்கு உபதேசம் செய்வது பசித்தவனிடம் பாயசத்தின் பெருமையைப் பேசுவதற்கு ஒப்பாகும்.

முதலில் சைக்கிளைப் பார்ப்போம்.

இரண்டும் இரும்புதானே என்று தோழர் கேட்டாரல்லவா? இரண்டும் இரும்புதான். முந்நூறு வெள்ளிச் சைக்கிளின் பிரேமும் எஃகுக் குழாய்தான். விலை உயர்ந்த சைக்கிளில் குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு கலந்த எஃகு இருக்கலாம். இங்கிலாந்தில் ரெனால்ட்ஸ் கம்பெனியார் 1935-ல் வெளியிட்ட 531 என்னும் குழாய், மாங்கனீசும் மாலிப்டினமும் சேர்ந்தது. பந்தயக்காரர்கள் அதைக் கொண்டாடினார்கள். இத்தகைய எஃகின் பயன் யாதெனில், குழாயின் கனத்தைக் குறைத்தாலும் அது தாங்கும். குழாய் மெலிந்தால் சைக்கிள் இலேசாகும். ஆனால் இரண்டு பக்கமும் பால் டின் கட்டி, முப்பது நாற்பது கிலோவைச் செம்மண் மேட்டில் மிதித்து ஏற்றுகிறவனுக்குச் சைக்கிளில் ஒரு கிலோ குறைந்து ஆகப்போவது என்ன? நம் பாட்டன்மார் ஓட்டிய பெரிய இங்கிலீஷ் சைக்கிள்கள் சாதாரண எஃகுக் குழாயால் ஆனவையே. கனமானவை. ஆயினும் உழைத்தன. எடைக் குறைவுக்குக் கொடுக்கும் காசு வேறு, உழைப்புக்குக் கொடுக்கும் காசு வேறு. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார். நாம் பிரித்துக் கேட்க வேண்டும்.

உழைப்பு எங்கே இருக்கிறது? மூட்டிலும், சக்கரத்திலும், குண்டு ஓடும் இடங்களிலும் இருக்கிறது. பழைய சைக்கிள்களில் குழாய்கள் சேரும் இடத்தில் ஒரு மூட்டுக் குழாய் இருக்கும். அதற்குள் குழாயைச் செருகிப் பித்தளையை உருக்கி ஓடவிட்டு ஒட்டுவார்கள். வெல்டிங்கில் எஃகே உருக வேண்டும். பித்தளை ஒட்டில் எஃகு உருகுவதில்லை, ஆகையால் குழாய்க்கு அவ்வளவு சேதமில்லை. ஒரு குழாய் நசுங்கினால் ஒட்டை இளக்கி அதை மாத்திரம் மாற்றலாம். இன்று நல்ல வெல்டிங்கும் இருக்கிறது, மோசமான வெல்டிங்கும் இருக்கிறது. மலிவுச் சைக்கிளை வெயிலில் நிறுத்திப் பெடல் குழாயருகே குனிந்து பாருங்கள். ஒட்டு ஓரிடத்தில் கட்டியாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் இருந்தால், பால் டின் ஏறிய ஆறாம் மாதம் அது பேசத் தொடங்கும்.

எஃகுக்கு ஒரு நற்குணம் உண்டு. அளவுக்கு உட்பட்ட பாரத்தை எத்தனை இலட்சம் தடவை ஏற்றி இறக்கினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. சிறிய பாரமானாலும் தடவைக் கணக்கு ஏற ஏற அது களைத்துக்கொண்டே போகும். மேலும் எஃகு முறிவதற்கு முன் பெரும்பாலும் வளைந்து காட்டும். முறிந்தாலும் எந்தக் கம்பத்துப் பட்டறையிலும் ஒட்டிக்கொள்ளலாம். தோட்டத்திலிருந்து பட்டணம் போய் வர அரைநாள் ஆகிறவனுக்கு இது சிறிய விஷயமல்ல.

பகை துருதான். நம் நாட்டில் மழைக்குப் பஞ்சமில்லை. கிள்ளான் துறைமுகப் பக்கம் உப்புக் காற்று வேறு. பால் உறைய வைக்கும் பார்மிக் அமிலம் பட்டால் இரும்பு இன்னும் சீக்கிரம் அரிக்கும். வெளித் துரு கண்ணுக்குத் தெரியும். குழாய்க்குள் தங்கும் தண்ணீரே ஆளைக் கெடுக்கிறது. வருஷத்துக்கொரு முறை சீட்டுக் கம்பியைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, சைக்கிளைச் சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டால் போதும். இதைச் செய்யாதவன் தொள்ளாயிரம் வெள்ளிச் சைக்கிளை வாங்கினாலும் முந்நூறு வெள்ளிச் சைக்கிளின் ஆயுளே அவனுக்குக் கிடைக்கும்.

சக்கரத்துக்கு வருவோம். பழைய இங்கிலீஷ் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி இருக்கும். சுமையெல்லாம் பின்னால் என்பதை அறிந்து செய்த வேலை அது. தோட்டத்தில் முதலில் அறுவது பின் சக்கரத்துக் கம்பிதான். ஒரு கம்பி போனால் பக்கத்துக் கம்பிக்கு இரட்டிப்புப் பாரம். பிறகு அதுவும் போகும். நம் தொழிலாளர் கூட்டத்தைப் போலத்தான் என்று ஒரு தோழர் சொன்னார். கூட்டத்தில் கைதட்டுக் கிடைத்தது. நமக்கோ சந்தா கட்டாத கம்பிகளின் ஞாபகம் வந்தது.

பழையது எல்லாம் பொன் என்று கூறுவோரை நாம் ஆதரிக்க மாட்டோம். அந்தச் சைக்கிள்களின் ரிம்மும் எஃகுதான். மழையில் நனைந்த எஃகு ரிம்மை ரப்பர் கட்டை பிடிக்காது. மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கை அழுத்திவிட்டு ஆண்டவனைக் கூப்பிட வேண்டியதுதான். இந்த ஒரு காரியத்தில் இன்றைய மலிவுச் சைக்கிளில் உள்ள அலுமினிய ரிம் மேலானது. பிரேம் எஃகாகவும் ரிம் அலுமினியமாகவும் இருப்பதையே நாம் சிபாரிசு செய்கிறோம்.

இனி உதிரிச் சாமான். நயமா மலிவா என்ற இந்தக் கேள்வி யுத்தத்துக்கு முந்தியது. 1930-களில் ஜப்பான் சைக்கிள்கள் மலிவாக மலாயாவில் வந்து இறங்கின. இங்கிலீஷ் சைக்கிளுக்கு வகையற்றவர்கள் அவற்றை வாங்கினார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கே இறங்கி, படைவீரர்கள் சைக்கிள் மிதித்துத் தெற்கே வந்தபோது, வழி நெடுகக் கம்பங்களில் அவர்களுக்கு வேண்டிய உதிரிச் சாமான் கிடைத்ததென்றால், அதற்கு அந்த மலிவுச் சைக்கிள்களே காரணம். டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். அந்த இரைச்சலைக் கேட்டு டாங்கி வருகிறதென்று மிரண்டவர்களும் உண்டு. 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் அவர்கள் கையில் விழுந்தது. படையெடுத்தவனைப் புகழ்வது நமது நோக்கமன்று. அவன் ஆட்சியில் சயாம் இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத நம்மவர்களின் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நாம் சொல்ல வந்தது இதுதான்: சைக்கிள் எவ்வளவு நல்லதென்பது, அது கெட்டுப்போன இடத்தில் சாமான் கிடைக்கிறதா என்பதையும் பொறுத்தது.

இங்கேதான் பேர் பெற்ற ராலேயும் சறுக்கியது. பெடல் அச்சு ஓடும் கிண்ணங்களுக்கு மற்ற இங்கிலீஷ் கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை வெட்டியபோது, ராலே தனக்கென்று 26 மரை வெட்டியது. அடுத்த கம்பெனிக் கிண்ணம் அதில் ஏறாது. வாங்கியவன் என்றென்றும் ராலேயிடமே வர வேண்டும் என்ற ஏற்பாடு! ஆகவே, "சேர்! இது பிராண்டு சாமான்" என்று கடையில் சொன்னால், "இதன் பேரிங்கும் டயரும் கிள்ளானில் எந்தக் கடையிலும் கிடைக்குமா?" என்று திருப்பிக் கேளுங்கள். 26 அங்குல டயராக இருந்தாலும் அதிலும் பல அளவுகள் உண்டு. டயரின் ஓரத்தில் அச்சடித்த எண்ணை எழுதி வைத்துக்கொள்வது நலம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாட்டிங்காம் நகரத்தில் 1880-களில் தொடங்கிய ராலே ஆலை, 1950-களில் ஆண்டொன்றுக்குச் சுமார் பத்து இலட்சம் சைக்கிள் செய்தது. அங்கும் நம்மைப் போன்ற பாட்டாளிகளே துண்டுக் கணக்குக் கூலிக்குக் கடைசல் இயந்திரத்தில் நின்றார்கள். அவர்களில் ஒருவராகப் பதினான்கு வயதில் வேலைக்குப் போன ஆலன் சில்லிட்டோ பின்னாளில் பெரிய நாவலாசிரியரானார். அந்த ஆலையில் உற்பத்தி 2002-ல் நின்றது. 2012-ல் பெயர் டச்சுக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. பெயர்ப்பலகை ஒட்டிய சைக்கிளெல்லாம் பாட்டன் ஓட்டிய சைக்கிளாகிவிடாது. பழைய ராலேயையே தேடலாமென்றால், சேகரிப்போர் கூட்டம் அதன் விலையை ஏற்றி வைத்திருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். செக்ரோல் எழுதுவது நமது தொழில். கூட்டல் கழித்தலில் நமக்குக் கூச்சமில்லை. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

முந்நூறு வெள்ளிச் சைக்கிள் தோட்டப் பாதையில் சுமையோடு இரண்டு வருஷம் ஓடும் என்போம். பழுது பார்க்க வருஷத்துக்கு 120 வெள்ளி. பத்து வருஷத்தில் ஐந்து சைக்கிள், 1,500 வெள்ளி. பழுதுக்கு 1,200 வெள்ளி. மொத்தம் 2,700 வெள்ளி. தொள்ளாயிரம் வெள்ளிச் சைக்கிள் பத்து வருஷம் நிற்கும், பழுதுக்கு வருஷம் 60 வெள்ளி என்போம். 900-ம் 600-ம் சேர்ந்து 1,500 வெள்ளி. வித்தியாசம் 1,200 வெள்ளி. மாதக் கணக்கில் சரியாகப் பத்து வெள்ளி. மலிவென்று வாங்கியவன் மாதந்தோறும் பத்து வெள்ளியைப் பாதையில் சிந்திக்கொண்டே போகிறான்.

இதை எல்லோருக்கும் பொதுவென்று கொள்ளக் கூடாது. பிரிக்பீல்ட்ஸில் தார் ரோட்டிலே கடைக்கும் கோயிலுக்கும் போய் வருகிற பென்ஷன்காரருக்கு மலிவுச் சைக்கிளே எட்டுப் பத்து வருஷம் வரும். அவர் தொள்ளாயிரம் கொடுப்பது வீண். திருட்டும் இருக்கிறது. நல்ல சைக்கிளைத் திருடனும் நல்லதென்று அறிவான். இரண்டாம் வருஷ முடிவில் அது களவு போனால் 1,020 வெள்ளி போயிற்று. மலிவுச் சைக்கிளென்றால் 540 வெள்ளியோடு போகும். பூட்டும், இரவில் கட்டிவைக்க வீட்டுக்குள் ஓரிடமும் இல்லாதவர் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

வெள்ளியில் எழுதாத வரவு ஒன்றும் உண்டு, அது நேரம். பால் வெட்டு விடியுமுன்னே தொடங்குகிறது. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதை உளி பிடித்த எல்லோரும் அறிவார்கள். பெரட்டு முடிந்து தூரத்து நிரைக்கு நடந்து போகிறவரும் சைக்கிளில் போகிறவரும் ஒரே நேரத்தில் முதல் மரத்தைத் தொடுவதில்லை. பால் எடுத்த பிறகு காண்டாக் கம்பில் வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடக்கிறவரின் தோளை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நடுக்காட்டில் செயின் அறுந்தால் சைக்கிளே சுமையாகிவிடும். அன்றைய பால் வாளியிலேயே உறைந்து, ஸ்டோர் விலை கட்டிப்பால் விலையாக இறங்கும். நல்ல சைக்கிளின் உண்மையான இலாபம் இப்படிப்பட்ட காலைகளைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

"சரி, இது கடைச் சாமான் வாங்கும் விவகாரம். சங்கப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் கிள்ளானை ஞாபகப்படுத்துகிறோம்.

1941-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்கூலி 50 காசைச் சுற்றி நின்ற காலம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், 'தமிழ் நேசன்' துணையாசிரியராயிருந்த ஆர். எச். நாதனும் முன்னின்றார்கள். அவர்களது கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல வைத்தியம், கள்ளுக்கடை மூடல், பெண்களின் மானம் காத்தல், சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் இருந்தன. அவற்றோடு கோரிக்கையாக இன்னொன்றும் எழுதப்பட்டிருந்தது: துரைமார் முன்னும் ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் தொழிலாளி சைக்கிளில் ஏறிப் போகலாம் என்ற உரிமை.

அதாவது அதுவரை இறங்க வேண்டும். எதிரே துரை வந்தால், காசைச் சேர்த்து வாங்கிய தன் சொந்தச் சைக்கிளிலிருந்து இறங்கி, அதைப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நிற்க வேண்டும். கிராணிமார் வந்தாலும் அப்படியே. ஆசிய உத்தியோகஸ்தர் என்றால் அதில் நம் கிராணிக் கூட்டமும் அடக்கம் என்பதை மறைத்து எழுத நாம் தயாரில்லை. கூலி உயர்வுக்கும் கள்ளுக்கடைக்கும் பக்கத்தில் இந்தக் கோரிக்கையை எழுதியவர்கள் விளையாட்டுக்கு எழுதவில்லை. ராலேயாயிருந்தாலென்ன, ஜப்பான் சைக்கிளாயிருந்தாலென்ன, கண்ட இடத்திலெல்லாம் இறங்கித் தள்ள வேண்டியிருந்தால் அதற்குக் கொடுத்த விலை எல்லாம் தண்டமே. அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் துருப்புகள் இறக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். சைக்கிளில் ஏறி உட்காரும் உரிமையும் அந்த இரத்தக் கணக்கில் ஒரு வரி. சைக்கிள் சங்க விஷயமா என்று கேட்போர் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

இன்று இறங்கச் சொல்ல எவருமில்லை. இன்றைய தடை வேறு. அது மொத்தப் பணம்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாயிற்று. அந்தச் சம்பளக்காரனுக்குத் தொள்ளாயிரம் வெள்ளி என்பது பாதி மாதச் சம்பளத்துக்கும் மேலே. முந்நூறு வெள்ளி ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. வீட்டில் அரிசி வேண்டும், பிள்ளைக்குப் பஸ் காசு வேண்டும், ஊரில் கலியாணம் வந்தால் மொய் வேண்டும். பத்து வருஷத்தில் 1,200 வெள்ளி மிச்சமென்று நாம் காட்டும் கணக்கை அவன் மறுக்கவில்லை. இந்த மாதம் தொள்ளாயிரத்துக்கு எங்கே போவதென்று கேட்கிறான். கடையில் தவணைக்கு எடு என்போம். மாதம் 95 வெள்ளி வீதம் 12 மாதம் என்று கடைக்காரர் சொன்னால் 1,140 வெள்ளியாகிறது. நயம் சைக்கிளின் இலாபத்தில் 240 வெள்ளியை அவர் முதலிலேயே எடுத்துக்கொண்டார். வட்டிக்காரனிடம் போனாலோ சைக்கிளோடு தூக்கமும் போகும். பணம் உள்ளவன் குறைவாகச் செலவழிக்கிறான்; இல்லாதவன் கூடுதலாகச் செலவழிக்கிறான். அவன் விவேகமற்றவன் என்பதால் இப்படி நடக்கவில்லை.

கூட்டுப் பிடிக்கலாமே என்று நம் தாய்மார் சொல்வார்கள். முப்பது பேர் மாதம் முப்பது வெள்ளி போட்டால் மாதத்துக்கு ஒரு சைக்கிள். அழகான கணக்கு. ஆனால் 1971-ஆம் ஆண்டிலேயே கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆங்கிலச் சட்டப் புத்தகத்தில் நம் 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் அப்படியே ஏறியிருக்கிறது, ஏறியதோ குற்றமாக! கூட்டுத் தலைவி பணத்தோடு மறைந்த கதைகள் ஏராளம் ஆகையால் சட்டத்தைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை.

நேரான வழி கூட்டுறவுதான். இது நமக்குப் புதிதுமல்ல. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்று நம் மக்களைத் தெருவில் நிறுத்திய காலத்தில், 1960-ல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிரிக்பீல்ட்ஸ் பெரிய ரோட்டுக்கு இன்று அவர் பெயர்தான். தொழிலாளிகள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டார்கள். அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் தொடங்கிப் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன. பத்து வெள்ளியில் தோட்டமே வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க வழியில்லை என்றால் யாராவது நம்புவார்களா?

நாம் யோசனை கூறுவது இதுவே. ஒவ்வொரு கிளையும், பதிவு பெற்ற கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழியாக, சைக்கிள் வேண்டியவர்களின் பட்டியலைத் திரட்டட்டும். ஒரே ரகச் சைக்கிளை முப்பதோ நாற்பதோ மொத்தமாக விலை பேசட்டும். ஒருவர் ஒன்று கேட்டால் தவுக்கே விலையைச் சொல்வார். முப்பது பேர் சேர்ந்து போனால் விலையை நம்மிடம் கேட்பார். எல்லாம் ஒரே ரகமாயிருந்தால் ஒரு பெட்டிக் குண்டும் ஒரு கட்டுக் கம்பியும் இரண்டு ஸ்பானரும் கிளை அலுவலகத்தில் இருந்தாலே போதும். முன்னே சொன்ன உதிரிச் சாமான் தொல்லை பாதி தீரும். கடனை வட்டியில்லாமல் மாதம் 30 வெள்ளியாக 30 மாதத்தில் அடைக்கட்டும். மலிவுச் சைக்கிளுக்குப் பழுது பார்த்த காசிலேயே மூன்றில் ஒரு பங்கு அடைந்துவிடும்.

வட்டியை யார் ஏற்பது என்று கேட்கிறீர்களா? நிர்வாகத்தை ஏன் கேட்கக் கூடாது? தொழிலாளியின் சொந்தச் சைக்கிள் தோட்டத்துப் பாலைச் சுமக்கிறது. தோட்டத்து லாரிக்கு டயர் தேய்ந்தால் கணக்கில் செலவு எழுதுகிறோம். நம் கையாலேயே எழுதுகிறோம். தொழிலாளியின் டயர் தேய்ந்தால் அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. டயர் என்றதும் நினைவு வருகிறது. 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்த பிறகுதான் நமது கித்தாவுக்கே இவ்வளவு கிராக்கி வந்தது. டன்லப் கம்பெனிக்கு இந்நாட்டில் சொந்தத் தோட்டங்களும் இருந்தன. பாலை வெட்டிக் கொடுத்தவனே பின்பு டயரைக் கடையில் விலை கொடுத்து வாங்கினான். அவனுக்கு ஒரு சைக்கிள் படி கேட்பது அதிகப்பிரசங்கமாகாது. அடுத்த பேச்சுவார்த்தையில் இதை ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டுமென்பது நமது கருத்து.

பட்டியல் எடுக்கும்போது பெண்களை விட்டுவிடலாகாது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஐ ஒட்டி அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராயிருந்த ஷீலாராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் எழுத்தறிவோடு சேர்த்தார். வயல் வேலைப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஏறி ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. லேடீஸ் சைக்கிளுக்காகக் காத்திராமல் குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டியவர்களும் உண்டு. நம் தோட்டங்களிலோ பாதிப் பால் பெண்கள் கையால் வெட்டப்பட்டது. சைக்கிள் மட்டும் ஆண் பெயரில் இருந்தது. வீட்டுக்கு ஒன்று என்று கணக்கெடுத்தால் அது யார் கையில் போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆளுக்கு ஒன்று என்றே எடுக்க வேண்டும்.

இனி தோழர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நாம் மேலே போட்டது உத்தேசக் கணக்கு. பேச்சுவார்த்தை மேசையில் உத்தேசம் எடுபடாது. ஆகையால் சைக்கிள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள்: வாங்கிய தேதி, விலை, என்ன ரகம், தினம் எத்தனை கல் ஓட்டம், சுமை எவ்வளவு, எந்தத் தேதியில் எது பழுதாயிற்று, எத்தனை வெள்ளி செலவு, எத்தனை நாள் வேலை கெட்டது. எழுத வராதவர்கள் கிளைச் செயலாளரிடமோ, உங்கள் தோட்டத்துக் கிராணியிடமோ சொன்னால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஆறு மாதத்துக் கணக்கு சேர்ந்ததும் நோட்டுகளைக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள்.